ஒரு செமஸ்டர் வெளிநாட்டில் படிக்கப் போகிறவர் டிக்கெட்டை எப்போது, எப்படி எடுக்க வேண்டும்?

கேள்வி: பரிமாற்றத் திட்டத்தில் ஒரு செமஸ்டர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. விலை ஏறிவிடும், உடனே டிக்கெட் எடு என்று வீட்டில் அவசரப்படுத்துகிறார்கள். இப்போதே எடுத்துவிடலாமா? ஒருவழியா, இருவழியா? நாமே இணையத்தில் எடுப்பதா, ஏஜென்ட் மூலமா? செமஸ்டர் நடுவில் வரும் விடுமுறையில் பக்கத்து நாடுகளைப் பார்ப்பதற்கும் சேர்த்தே முன்பதிவு செய்யலாமா?

பதில்:

முதலில் வாழ்த்துகள். பரிமாற்ற மாணவர்களின் பயண ஏற்பாடுகளில் நெடுங்காலமாக உதவி வருகிறவன் என்ற முறையில் சுருக்கமான பதிலை முன்னால் சொல்லிவிடுகிறேன். விசா கைக்கு வரும்வரை பணம் திரும்பாத டிக்கெட்டை எடுக்காதீர்கள். போகும் தேதியை உங்களால் துல்லியமாகச் சொல்ல முடியும், திரும்பும் தேதியை முடியாது. ஆகவே கூடுதலாகச் செலவழிக்க மனம் வந்தால், அந்தப் பணம் திரும்பும் பயணத்தின் தேதியை மாற்றிக்கொள்ளும் உரிமைக்குப் போகட்டும்.

சுற்றுலா போகிறவருக்கு இரண்டு தேதிகளும் தெரியும். பல ஆண்டுப் படிப்புக்குப் போகிறவருக்குத் திரும்பும் கவலை அப்போதைக்கு இல்லை. ஒரு செமஸ்டருக்குப் போகிறவரின் நிலை வேறு. நான்கைந்து மாதத்தில் திரும்பியாக வேண்டும், ஆனால் எந்த நாளில் என்பது பெரும்பாலும் அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரியவரும். விமான நிறுவனங்களின் மலிவுக் கட்டணங்களோ இரண்டு தேதியும் தெரிந்தவருக்காக வகுக்கப்பட்டவை. மாணவர்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

எந்த நாட்டுக்குப் போகிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. எல்லோருக்கும் பொருந்துவதைச் சொல்கிறேன், இடையிடையே சில நாடுகளின் விதிகளை எடுத்துக்காட்டாகத் தருகிறேன்.

டிக்கெட் தளத்தைத் திறப்பதற்கு முன் பல்கலைக்கழகத்தின் கல்வி நாட்காட்டியைத் திறங்கள். அதிலிருந்து நான்கு தேதிகளை எழுதிக்கொள்ளுங்கள்: விடுதி அறையின் சாவியைத் தரத் தொடங்கும் நாள், புதிய மாணவர்களுக்கான அறிமுக நிகழ்ச்சி தொடங்கும் நாள், முதல் வகுப்பு, கடைசித் தேர்வு. வகுப்பு தொடங்கும் தேதியை மட்டும் பார்த்து டிக்கெட் எடுப்பவர்கள் அறிமுக நிகழ்ச்சியைத் தவறவிடுகிறார்கள். பாடங்களுக்குப் பதிவு செய்வது, அடையாள அட்டை வாங்குவது, சில நாடுகளில் குடியிருப்பு அனுமதிக்கான தேதி வாங்குவது எல்லாம் அந்த வாரத்திலேயே நடந்து முடிந்துவிடும். அது தவறினால் பின்னால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அலைய வேண்டியிருக்கும்.

கடைசித் தேர்வு நாள்தான் இந்த நான்கில் வழுக்கும் தேதி. ஜெர்மனியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் குளிர்கால செமஸ்டர் என்பது ஏட்டளவில் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கிப் பிப்ரவரியில் முடிந்துவிடும். தேர்வுகள் அதற்குப் பிறகு, பாடத்துக்குப் பாடம் வெவ்வேறு நாளில் வரும். சில பாடங்களுக்குத் தேர்வே கிடையாது, கட்டுரை சமர்ப்பித்தால் போதும். ஆக, நீங்கள் பிப்ரவரி நடுவிலேயே கிளம்பலாம், மார்ச் கடைசிவரை இருக்க வேண்டியும் வரலாம். எந்தப் பாடங்களில் இடம் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது அது. அமெரிக்காவில் ஆகஸ்ட் பின்பகுதியில் தொடங்கும் செமஸ்டர் பெரும்பாலும் டிசம்பர் நடுவில் முடிந்துவிடும், தேர்வு வாரமும் முன்பே அறிவிக்கப்பட்டிருக்கும். அங்கே குழப்பம் குறைவு. ஆனால் அது கிறிஸ்துமஸ் நெரிசல். அந்த ஒரு வாரத்தில் கட்டணம் எகிறும், இருக்கையும் கிடைக்காது. ஆஸ்திரேலியாவில் ஆண்டின் முதல் செமஸ்டர் பிப்ரவரி பின்பகுதியிலோ மார்ச் தொடக்கத்திலோ தொடங்கி ஜூன் வாக்கில் முடிகிறது. உங்கள் சொந்தக் கல்லூரியின் செமஸ்டரோடு இது எங்கே முட்டுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். முட்டினால் அதைப் பேசித் தீர்க்க வேண்டிய இடம் உங்கள் துறை அலுவலகம். டிக்கெட் தேதியை இழுத்துப் பிடித்துச் சரிக்கட்ட முயலாதீர்கள்.

அடுத்தது விசா. தூதரகங்கள் பல, விசா கிடைக்கும்முன் டிக்கெட் வாங்க வேண்டாம் என்றே வெளிப்படையாக அறிவுறுத்துகின்றன. அதே நேரத்தில், சில நாடுகளுக்கான விண்ணப்பத்தில் பயண முன்பதிவைக் காட்டச் சொல்வார்கள். இது முரணாகத் தோன்றலாம். அவர்கள் கேட்பது முன்பதிவு, பணம் கட்டி முடித்த டிக்கெட் அன்று. சில விமான நிறுவனங்கள் சிறு தொகை வாங்கிக்கொண்டு சில நாள்களுக்கு இருக்கையைப் பிடித்து வைக்கும். பணம் முழுதும் திரும்பும் வகை டிக்கெட்டை எடுத்துக் காட்டிவிட்டுப் பின்னர் ரத்து செய்வதும் முறையான வழிதான். விசாவுக்கென்றே போலி முன்பதிவுத் தாள் விற்கும் ஆள்கள் இருக்கிறார்கள், அவர்கள் பக்கமே போகாதீர்கள். முன்பதிவு எண்ணை விமான நிறுவனத்திடம் சரிபார்ப்பது அதிகாரிகளுக்கு அரிய வேலை அன்று. பொய் ஆவணம் கொடுத்தவர் என்ற குறிப்பு ஒருமுறை விழுந்துவிட்டால் அடுத்தடுத்த விசாக்களிலும் தொடர்ந்து வரும்.

விசா வந்ததும் அதில் எழுதியிருப்பதை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். எந்தத் தேதியிலிருந்து செல்லும், எந்தத் தேதிவரை, ஒருமுறை நுழையவா, பலமுறை நுழையவா. தொடக்கத் தேதிக்கு முதல் நாள் போய் இறங்கினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அமெரிக்காவுக்குப் பரிமாற்ற மாணவராக ஜே-1 விசாவிலோ, மாணவராக எஃப்-1 விசாவிலோ போகிறவர்கள் படிப்பு தொடங்கும் நாளுக்கு 30 நாள் முன்பிருந்துதான் நுழைய முடியும், விசா அதற்கு வெகு முன்னாலேயே கிடைத்திருந்தாலும். பிரிட்டனில் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் ஆறு மாதம்வரை பார்வையாளராக இருந்தே படிக்கலாம், கனடாவில் ஆறு மாதத்துக்கு மேற்படாத படிப்புக்குத் தனிப் படிப்பு அனுமதி தேவையில்லை. இப்படிப் பார்வையாளர் நிலையில் போகிறவர்களிடம் எல்லையில் திரும்பும் டிக்கெட் எங்கே என்று கேட்க வாய்ப்பு அதிகம். பிரிட்டனில் அந்த ஆறு மாதம் நீங்கள் தங்கும் காலம் முழுவதற்குமான வரம்பு. முன்கூட்டியே போய், தேர்வு முடிந்தும் ஊர் சுற்றிவிட்டு வரலாம் என்று நினைப்பவர்கள் வரம்பைத் தாண்டிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாஸ்போர்ட்டையும் இந்தக் கட்டத்திலேயே எடுத்துப் பாருங்கள். திரும்பும் தேதிக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் எதிர்பார்க்கின்றன. குறுகிய காலத்துக்கு ஷெங்கன் நாடுகளுக்கு, அதாவது தமக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளுக்கு, போகிறவர்களுக்கு விதி வேறு: பாஸ்போர்ட் கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டிருக்க வேண்டும், வெளியேறும் நாளுக்குப் பின் குறைந்தது மூன்று மாதம் செல்ல வேண்டும். புதுப்பிக்க வேண்டியிருந்தால் விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே புதுப்பித்துவிடுங்கள். இல்லையென்றால் பழைய பாஸ்போர்ட்டில் விசாவும் புதிய பாஸ்போர்ட்டும் என்று இரண்டையும் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு கவுன்ட்டரிலும் விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

இனி விலை. செவ்வாய்க்கிழமை எடுத்தால் மலிவு, நள்ளிரவில் தேடினால் மலிவு என்பதையெல்லாம் நம்பாதீர்கள். விலையைத் தீர்மானிப்பது நீங்கள் வாங்கும் கிழமையைவிடப் பறக்கும் நாளும், அந்த விமானத்தில் மலிவு வகுப்பில் இன்னும் எத்தனை இருக்கைகள் மிச்சம் என்பதும்தான். உங்களைப் போன்ற மாணவர்கள் எல்லோரும் ஒரே வாரத்தில் பறக்கிறார்கள். அந்த வாரத்துக்கு மூன்று நான்கு நாள் முன்போ, வார நடுவிலோ கிளம்பினால் பெரும்பாலும் மிச்சம் பிடிக்கலாம். அறை அதற்குமுன் திறக்குமா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பயணத்துக்கு நான்கைந்து மாதம் முன்பிருந்தே உங்கள் வழித்தடத்தின் விலையைக் கூகுள் ஃப்ளைட்ஸ் போன்ற தேடல் தளத்தில் கண்காணிக்கும்படி வைத்துவிடுங்கள். வாங்க வேண்டாம், பார்த்து வாருங்கள். எது சாதாரண விலை, எது அநியாய விலை என்று அப்போது உங்களுக்கே பிடிபட்டுவிடும். விசா வந்த அன்று வீட்டில் உள்ளவர்களின் பதற்றத்துக்கு ஆட்படாமல் முடிவெடுக்க அந்த அறிவு கைகொடுக்கும்.

ஒருவழியா இருவழியா என்பதற்கு வருவோம். நீண்ட தூரத் தடங்களில் பெரிய விமான நிறுவனங்களின் ஒருவழிக் கட்டணம் இருவழிக் கட்டணத்தில் பாதியாக இருப்பதில்லை. சில சமயம் ஒருவழி கிட்டத்தட்ட இருவழியின் விலையைத் தொட்டுவிடும். மலிவு விமான நிறுவனங்களோ ஒவ்வொரு வழியையும் தனித்தனியாக விலை வைக்கின்றன. ஆகவே இரண்டையும் தேடிப் பார்த்து ஒப்பிடாமல் முடிவு செய்யக் கூடாது. இன்னொரு தடையும் உண்டு. விமான நிறுவனங்கள் ஏறத்தாழ பதினொரு மாதத்துக்கு மேற்பட்ட தேதிகளுக்கு விற்பனையைத் திறப்பதில்லை. வெகு முன்கூட்டியே இருவழி எடுக்க உட்கார்ந்தால் திரும்பும் தேதி பட்டியலிலேயே இல்லாமல் போகலாம். டிக்கெட்டின் ஆயுளும் பொதுவாக ஓராண்டுதான்.

ஒரு செமஸ்டருக்குப் போகும் பெரும்பாலானவர்களுக்கு என் பரிந்துரை இதுதான்: தேதி மாற்ற அனுமதிக்கும் இருவழி டிக்கெட். திரும்பும் தேதியாகக் கல்வி நாட்காட்டியின்படி வரக்கூடிய கடைசித் தேர்வு நாளுக்குச் சில நாள் பின்னால் ஒன்றைப் போட்டு வையுங்கள். அங்கே போய்த் தேர்வு அட்டவணை கைக்கு வந்த அன்றே உட்கார்ந்து சரியான தேதிக்கு மாற்றுங்கள். அன்றே என்பதை அழுத்திச் சொல்கிறேன். தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் மலிவு இருக்கைகள் கரைந்துகொண்டிருக்கும்.

"தேதி மாற்றக் கட்டணம் இல்லை" என்ற விளம்பர வரியைப் படித்து மகிழ்ந்துவிட வேண்டாம். மாற்றக் கட்டணம் ஒன்று, கட்டண வித்தியாசம் வேறொன்று. மாற்றக் கட்டணத்தை விட்டுக்கொடுத்தாலும், புதிய தேதியில் அன்று விற்கும் விலைக்கும் நீங்கள் கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசத்தை வாங்கிக்கொள்வார்கள். டிசம்பர் மூன்றாம் வாரத்துக்கு மாற்றப் போனால் அந்த வித்தியாசமே பெருந்தொகையாகிவிடும். டிக்கெட்டில் பணம் கட்டும் முன் "கட்டண விதிகள்" என்ற இணைப்பு ஒன்று சிறிய எழுத்தில் இருக்கும். அதைத் திறந்து மூன்றே மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: பயணம் தொடங்கிய பிறகும் மாற்ற முடியுமா, மாற்றினால் கட்டணம் எவ்வளவு, அதிகபட்சம் எத்தனை நாள் தங்கலாம். மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. சில மலிவுக் கட்டணங்களில் போன நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் திரும்பியாக வேண்டும் என்று வரம்பு இருக்கும். சுற்றுலாப் பயணிக்கு அது உறைக்காது. செமஸ்டர் மாணவருக்கு அந்த டிக்கெட் உதவவே உதவாது.

மாணவர் கட்டணம் என்று தனியாக விற்கப்படுவதையும் பாருங்கள். பல நிறுவனங்கள் கூடுதல் பெட்டி, சலுகை விலையில் தேதி மாற்றம் ஆகியவற்றைச் சேர்த்துத் தருகின்றன. டிக்கெட் விலை சற்றுக் கூடுதலாகத் தெரிந்தாலும், தனியே ஒரு பெட்டிக்குக் கட்ட வேண்டியதைக் கூட்டிப் பார்த்தால் லாபமாக முடியலாம். மாணவர் என்பதற்கான சான்றைக் கவுன்ட்டரில் கேட்பார்கள், சேர்க்கைக் கடிதத்தின் பிரதியைக் கையோடு வைத்திருங்கள்.

போகும் டிக்கெட்டில் ஏறாமல் திரும்பும் டிக்கெட்டை மட்டும் பயன்படுத்தலாம் என்று ஒருபோதும் கணக்குப் போடாதீர்கள். முதல் விமானத்தில் ஏறாதவரின் மீதிப் பயணத்தைப் பெரும்பாலான நிறுவனங்கள் தாமாகவே ரத்து செய்துவிடும். செமஸ்டர் முடிந்து வேறொரு நகரத்திலிருந்து திரும்ப விரும்பினால், ஒரு நகரத்தில் இறங்கி இன்னொன்றிலிருந்து புறப்படும் டிக்கெட்டையே எடுக்கலாம். தேடல் தளங்களில் "பல நகரங்கள்" என்ற தேர்வு அதற்குத்தான். இதன் விலை பெரும்பாலும் சாதாரண இருவழி டிக்கெட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

இணைப்பு விமானங்களில் நிதானம் தேவை. ஒரே முன்பதிவில் இரண்டு விமானங்கள் இருந்து முதலாவது தாமதமானால், அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்புவது நிறுவனத்தின் பொறுப்பு. மலிவாக இருக்கிறதே என்று இரண்டு தனித்தனி டிக்கெட்டுகளை நீங்களே கோத்துக்கொண்டால் அந்தப் பொறுப்பு யாருக்கும் இல்லை. முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் போனது போனதுதான். இதோடு விசாச் சிக்கலும் சேரும். தனி டிக்கெட் என்றால் பெரும்பாலும் நடுவழி நாட்டில் குடிவரவுச் சோதனை கடந்து வெளியே போய்ப் பெட்டியை எடுத்து மறுபடியும் ஒப்படைக்க வேண்டும். அதற்கு அந்த நாட்டுக்குள் நுழையும் அனுமதி வேண்டும். ஒரே டிக்கெட்டாக இருந்தாலும்கூட, அமெரிக்கா வழியாகப் போகிறவர்கள் அங்கே குடிவரவுச் சோதனையைக் கடந்தே ஆக வேண்டும், அதற்கு விசா தேவைப்படுபவர்களுக்கு விசா இல்லாமல் வழி இல்லை. சில நாட்டுக் குடிமக்களுக்கு ஷெங்கன் விமான நிலையங்களில் விமானம் மாறுவதற்கே இடைவழி விசா கேட்கிறார்கள். டிக்கெட்டில் நடுவே வரும் ஒவ்வொரு நாட்டுக்கும் உங்கள் பாஸ்போர்ட்டுக்கு என்ன விதி என்று அந்தந்த நாட்டின் அதிகாரபூர்வத் தளத்தில் பாருங்கள்.

அமெரிக்காவுக்கே போகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அந்நாட்டில் முதலில் இறங்கும் விமான நிலையத்திலேயே பொதுவாகக் குடிவரவு, சுங்கம் இரண்டையும் முடித்து, பெட்டியை எடுத்து, மறுபடியும் ஒப்படைத்துவிட்டுத்தான் உள்நாட்டு விமானம் ஏற முடியும். ஒன்றரை மணி நேர இடைவெளி காட்டும் டிக்கெட் விதிப்படி சரியானதாக இருக்கலாம், முதன்முறை போகும் மாணவருக்கு அது போதாது. மூன்று மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள்.

போய் இறங்கும் நேரத்தையும் விலையைப் போலவே எடைபோடுங்கள். மாணவர் விடுதிகள் பலவற்றில் சாவி தரும் அலுவலகம் வார நாள்களில், அலுவலக நேரத்தில் மட்டும் திறந்திருக்கும். சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு இறங்கும் மலிவு டிக்கெட்டை எடுத்தால், திங்கள் காலைவரை விடுதி அறை கிடைக்காது. இரண்டு இரவு ஓட்டல் வாடகையும் நள்ளிரவு டாக்ஸியும் சேர்ந்தால் டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது காணாமல் போய்விடும். வார நாளில், பகலில் போய் இறங்குவது போலத் தேடுங்கள். நள்ளிரவைத் தாண்டிக் கிளம்பும் விமானங்களில் தேதி ஏமாற்றும். 15-ஆம் தேதி 00:40 என்று டிக்கெட்டில் இருந்தால் 14-ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15-ஆம் தேதி இரவு பெட்டியோடு வந்து நிற்பவர்கள் ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறார்கள்.

ஏஜென்ட் மூலமா, நேரடியாகவா? உங்கள் டிக்கெட்டில் மாற்றம் வரும் என்பது ஏறக்குறைய உறுதி என்பதால், விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் நேரடியாக எடுப்பதையே நான் விரும்புவேன். இடைத்தரகர் தளத்தில் எடுத்தால், மாற்றம் கேட்கும்போது விமான நிறுவனம் தரகரைக் கேளுங்கள் என்று சொல்லும், தரகர் தம் பங்குக்கு ஒரு கட்டணம் கேட்பார். நன்கு அறிந்த, தொலைபேசியை எடுக்கும் ஏஜென்ட் இருந்தால் அது வேறு கதை. சிக்கலான பல நகரப் பயணத்தில் அவர்களுடைய அனுபவம் உண்மையிலேயே உதவும். எங்கே எடுத்தாலும், எடுத்த உடனே முன்பதிவு எண்ணை விமான நிறுவனத்தின் தளத்தில் போட்டுத் திறந்து பாருங்கள். ஆறு எழுத்து முன்பதிவு எண் மட்டும் இருந்தால் இருக்கை பிடிக்கப்பட்டிருக்கிறது என்றுதான் பொருள். பதின்மூன்று இலக்க டிக்கெட் எண்ணும் இருந்தால்தான் டிக்கெட் வழங்கப்பட்டுவிட்டது. அமெரிக்காவுக்குப் போகும் அல்லது அங்கிருந்து கிளம்பும் விமானத்துக்கு, பயணத்துக்கு ஏழு நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது நிறுவனத்திடமே நேரடியாக எடுத்தால், 24 மணி நேரத்துக்குள் அபராதமின்றி ரத்து செய்யவோ, பணம் கட்டாமல் அவ்வளவு நேரம் விலையைப் பிடித்து வைக்கவோ வழி தர வேண்டும் என்பது அந்நாட்டு விதி.

பெயரை பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே போடுங்கள், ஓர் எழுத்தும் கூடாமல் குறையாமல். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருப்பவர்கள், அதை எப்படி நிரப்ப வேண்டும் என்று பணம் கட்டும் முன் அந்த விமான நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள். ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு முறையைப் பின்பற்றுகிறது. விசா, சேர்க்கைக் கடிதம், டிக்கெட் மூன்றிலும் பெயர் ஒன்றுபோல இருந்தால் எந்தக் கவுன்ட்டரிலும் கேள்வி எழாது.

டிக்கெட் எடுத்த பிறகும் மாதம் ஒருமுறை அதைத் திறந்து பாருங்கள். விமானக் கால அட்டவணைகள் ஆண்டுக்கு இருமுறை, மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் மாறுகின்றன. ஆகஸ்டில் போய் டிசம்பரில் திரும்புகிறவரின் திரும்பும் பயணம் அடுத்த அட்டவணைக்குள் விழுகிறது. அதனால் அந்தப் பாதியின் நேரம் மாற வாய்ப்பு அதிகம். நிறுவனமே நேரத்தைப் பெரிதாக மாற்றினால், பெரும்பாலும் கட்டணமின்றி வேறு விமானத்துக்கு மாறவோ பணத்தைத் திரும்பப் பெறவோ உங்களுக்கு வழி உண்டு. அறிவிப்பு வந்ததும் "சரி" என்ற பொத்தானை அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். உங்களுக்கு வசதியான தேதியைக் கேட்டு வாங்க அதுவே நல்ல தருணம்.

பெட்டிகளைப் பற்றி. டிக்கெட்டில் எடை அனுமதி இரண்டு விதமாக எழுதப்படும்: இத்தனை பெட்டி, ஒவ்வொன்றும் 23 கிலோ என்று, அல்லது மொத்தம் 30 கிலோ என்று. மொத்த எடைக் கணக்கில்கூட ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் பொதுவாக ஏற்க மாட்டார்கள், தூக்குகிறவர்களின் பாதுகாப்பு கருதிய வரம்பு அது. பவர் பேங்கும் தனியாக எடுத்துப் போகும் லித்தியம் பேட்டரிகளும் கைப்பையில்தான் வர வேண்டும், பெரிய பெட்டியில் வைக்கக் கூடாது. பேட்டரி சேமிக்கும் ஆற்றலை வாட்-மணியில் அளக்கிறார்கள்: 100 வாட்-மணி வரை சிக்கல் இல்லை, 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். வழக்கமான 20,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்க் ஏறத்தாழ 74 வாட்-மணிதான். மருந்து சாப்பிடுகிறவர்கள் செமஸ்டர் முழுவதற்கும் எடுத்துப் போக நினைப்பது இயல்பு. ஆனால் ஜப்பானுக்கு மருத்துவர் பரிந்துரைத்த மருந்தை ஒரு மாத அளவுக்கு மேல் எடுத்துப் போக முன் அனுமதிச் சான்று வாங்க வேண்டும். வேறு பல நாடுகளிலும் அளவு வரம்புகள் உண்டு. மருத்துவர் சீட்டோடு, அசல் அட்டையோடு, கைப்பையில் வையுங்கள்.

சேர்க்கைக் கடிதம், விடுதி ஒதுக்கீட்டுக் கடிதம், பண ஆதாரம், காப்பீட்டுச் சான்று ஆகியவற்றின் அசலும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். அதற்குக் காரணம் நீங்கள் புறப்படும் விமான நிலையத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு நாட்டின் நுழைவு விதிகளையும் தொகுத்த டைமாட்டிக் என்ற தரவுத் தளத்தை விமான நிறுவனங்கள் பயன்படுத்துகின்றன. உரிய ஆவணம் இல்லாத பயணியை ஏற்றிப் போனால் அபராதமும் திருப்பி அழைத்துவரும் செலவும் நிறுவனத்தின் தலையில் விழும் என்பதால், கவுன்ட்டரில் இருப்பவர் உங்கள் பாஸ்போர்ட்டையும் விசாவையும் அதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் போர்டிங் பாஸ் தருவார். அங்கே காட்ட வேண்டிய கடிதம் பெரிய பெட்டிக்குள் போய்விட்டால் பயணமே நின்றுவிடும்.

பெட்டி வரவில்லை என்றால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே புகார் எழுதி எண் வாங்கிக்கொள்ளுங்கள். 1999-ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி, சேதத்துக்குப் பெட்டி கிடைத்த 7 நாளுக்குள்ளும், தாமதத்துக்கு அது கையில் கிடைத்த 21 நாளுக்குள்ளும் எழுத்து மூலம் கோர வேண்டும். அவசரத்துக்கு வாங்கிய உடை, சோப்பு ஆகியவற்றின் ரசீதுகளை எறிந்துவிடாதீர்கள், அவற்றைக் காட்டித்தான் ஈடு கேட்க முடியும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலிருந்து கிளம்பும் விமானம் கடுமையாகத் தாமதமானாலோ கடைசி நேரத்தில் ரத்தானாலோ 261/2004 என்ற விதியின்படி தனி இழப்பீடும் உண்டு, தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை. எந்த நாட்டு விமான நிறுவனமானாலும் அங்கிருந்து கிளம்பினால் அது பொருந்தும்.

காப்பீடு பற்றி ஒரே விஷயம்: அது தொடங்கும் நாள் செமஸ்டர் தொடங்கும் நாளாக இருக்கக் கூடாது, நீங்கள் விமானம் ஏறும் நாளாக இருக்க வேண்டும். முடியும் நாளும் அப்படியே.

கடைசிக் கேள்வி, நடுவில் வரும் விடுமுறை. ஆசை புரிகிறது. போகவும் வேண்டும், ஒரு செமஸ்டரின் பெரிய கொடைகளில் அதுவும் ஒன்று. ஆனால் இப்போது முன்பதிவு செய்யாதீர்கள். உங்கள் விசாவோ குடியிருப்பு அனுமதியோ எத்தனை முறை நுழைய அனுமதிக்கிறது என்பதே முதல் கேள்வி. ஒருமுறை மட்டும் நுழையும் விசாவோடு வெளியே போனால் திரும்பி வர முடியாது. ஷெங்கன் நாடு ஒன்றின் நீண்டகால விசாவோ குடியிருப்பு அனுமதியோ இருந்தால், மற்ற ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளிலும் 90 நாள்வரை சுற்றலாம். பிரிட்டனும் அயர்லாந்தும் அந்த வட்டத்தில் இல்லை, அவற்றுக்குத் தனி விதிகள். அமெரிக்காவில் ஜே-1 மாணவர்கள் நாட்டை விட்டு வெளியே போகும் முன் டிஎஸ்-2019 என்ற பரிமாற்றத் தகுதிப் படிவத்தில் பல்கலைக்கழகப் பொறுப்பாளரின் பயணக் கையொப்பம் வாங்கியிருக்க வேண்டும். குடியிருப்பு அனுமதி அட்டை அச்சாகி வர வாரக்கணக்கில் ஆகும் நாடுகளும் உண்டு, அது வரும்வரை வெளிநாட்டுப் பயணத்தைத் திட்டமிட முடியாது.

ஐரோப்பாவில் ரயில் பாஸ் எடுக்க நினைத்தால், யூரெயில் பாஸ் ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கு, இன்டர்ரெயில் பாஸ் ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு. குடியிருப்பு அனுமதி கிடைத்த மாணவர் இரண்டாவது வகைக்குள் வந்துவிடுவார். ஊரிலிருந்தே யூரெயில் வாங்கிக்கொண்டு போக வேண்டாம் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். இரண்டிலும் 27 வயது வரை இளைஞர் கட்டணம் உண்டு. அதிவேக ரயில்கள் பலவற்றில் பாஸ் இருந்தாலும் இருக்கைக்குத் தனியே கட்ட வேண்டும். முதல் ஓரிரு மாதத்தில் பாட அட்டவணை, தேர்வு அட்டவணை, அனுமதி அட்டை மூன்றும் பெரும்பாலும் கைக்கு வந்துவிடும். வகுப்பில் பக்கத்தில் உட்காருகிறவர்களும் அதற்குள் பழகியிருப்பார்கள், எங்கே போகலாம், யாரோடு போகலாம் என்பதை அப்போது பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.